ஜிட்டர் பெட்டி

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது அவள் வேலை. லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டே பாதி ஆயுள் போயிருந்தது. வந்தவர் வெறுமனே தலையாட்டுகிறார் என்று பட்டால், லென்ஸை மாற்றாமலே மாற்றியதுபோல் பாவனை செய்து கேட்பாள். இப்போது பளிச்சென்று இருக்கிறது என்று பலர் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் கணவனுக்குப் பாட்டுப் பைத்தியம். அவன் கேட்கும்போது மின்விசிறி ஓடக்கூடாது, குழாய் திறக்கக்கூடாது, அவள் தும்மக்கூடாது. புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி வேறு வாங்கியிருந்தான். டிஜிட்டல் பாட்டில் ஒலித்துணுக்குகள் ஒவ்வொன்றும் கணம் பிசகாமல் வெளிவர வேண்டுமாம். இம்மி முன்பின் ஆனால் அதற்குப் பெயர் ஜிட்டர், குரலே கெட்டுவிடுமாம். அதைச் சீராக்கத்தான் பெட்டி. தனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று ஒருநாள் அவள் சொல்லித் தொலைத்தாள்.

"உனக்குக் காதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே" என்றான், வீட்டுக்கு வந்திருந்த நண்பன் எதிரிலேயே.

அவள் முகம் சுண்டிப்போனது. பெட்டியோடும் பெட்டி இல்லாமலும் போடுகிறேன், எது எதுவென்று சொல்லுங்கள், சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். இருவரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு ஸ்விட்சைத் தட்டினாள். கணவன் தயங்கவே இல்லை. இது பெட்டி, குரல் பஞ்சு மாதிரி. இது பெட்டி இல்லாதது, காதைக் குத்துகிறது. நண்பனும் ஒத்து ஊதினான்.

"நான் ஒரு தடவைகூட மாத்தல" என்றாள். "அந்தப் பெட்டி இணைப்புலயே இல்ல."

நண்பன் குபீரென்று சிரித்துவிட்டு, செருப்பைத் தேடிக் கிளம்பினான். கணவன் சுவரிலிருந்து திரும்பவில்லை.

"பொய் சொல்லி ஏமாத்தினது நீ. இதுக்குப் பேரு சோதனையா?"

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவளுக்கு எரிச்சல் கூடியது. மறுநாள் நாணயத்தைச் சுண்டிவிட்டு, தலையா பூவா பார்த்து ஒழுங்காக மாற்றினாள். அவன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. பாட்டே கேட்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். தன் முதுகுக்குப் பின்னால் அவள் நின்று முறைத்தால் எந்தக் காதுதான் வேலை செய்யும் என்று அவன் கத்தினான். அவள் முறைத்தது உண்மைதான்.

நண்பன் எதிரில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அடுத்த மாதம் அதைவிடப் பெரிய பெட்டி வந்தது, பழையதில் கோளாறாம். எல்லாவற்றையும் படுக்கையறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். சாப்பாடு மேசையில் இருக்கிறது என்பதை மட்டும் அந்தக் கதவைப் பார்த்துச் சொல்வாள்.