வெள்ளைத்தாய்க்குத் துட்டி

காக்கைக்கு என்ன தெரியும்? வேப்பமரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வற்றலைக் கிளறிவிட வந்த வெள்ளைத்தாய் மரத்தடியில் நின்றாள். காக்கை விருட்டென்று இறங்கி அவள் உச்சந்தலையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்த கூத்தெல்லாம் மனிதர்கள் பண்ணியது.

மல்லாங்கிணறுக்கு மேற்கே அவர்கள் ஊர். புருஷன் கருப்பணனுக்குப் பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் காடு சொந்தமாக இருந்தது. பேச்சு குறைவான மனிதர், பிடிவாதம் அதிகம். காக்கை அடித்த சேதி கேட்டதும் அவருக்கு முகம் வெளிறிப்போனது. பெண்டாட்டிமேல் பிரியம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் தொல்லையே.

காக்கை தலையில் அடித்தால் அந்த ஆளுக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதைக் கழிக்க ஒரு வழி உண்டு. ஆள் செத்துப்போனதாகச் சொந்தக்காரர் வீட்டுக்குப் பொய்த் துட்டி சொல்லியனுப்ப வேண்டும். அவர்கள் மெய்யென்று நம்பி அழ வேண்டும். கண்ணீர் தரையில் விழுந்த பிறகு, சேதி கொண்டுபோனவனே, “காக்கா அடிச்சிருச்சு, அதுக்காகச் சொன்னது. ஆளு குத்துக்கல்லாட்டம் இருக்கு” என்று உடைத்துவிடுவான். அழுதவர்கள் அவனை நாலு வசவு வைது, மோர் கொடுத்து அனுப்புவார்கள். வரப்போகிற சாவுக்கு முன்கூட்டியே அழுது தீர்த்தாகிவிட்டது என்று கணக்கு.

வெள்ளைத்தாயின் அண்ணன் ஒச்சப்பன் காரியாபட்டியில் இருந்தார். அங்கே துட்டி சொல்லப் பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமியை அனுப்பினார் கருப்பணன். ஆண்டிச்சாமி போய்ச் சொன்னான். ஒச்சப்பன் பெண்டாட்டி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். இன்னும் கொஞ்சம் அழட்டும், தோஷம் சுத்தமாகக் கழியட்டும் என்று இவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகச் செம்பைக் கீழே வைத்தான். அதற்குள் ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடிப் பஸ் ஏறிவிட்டார். உண்மையைச் சொல்ல எதிரே ஆள் இல்லை!

மல்லாங்கிணறில் பஸ் மாற இறங்கியவர் காசிராஜனைப் பார்த்தார். காசிராஜன் சைக்கிள் கடை வைத்திருந்தவர், விருதுநகரிலிருந்து வரும் ‘கரிசல் தூதன்’ பத்திரிகைக்கு ஏஜெண்டும் அவர்தான். பத்திரிகையின் இரண்டாம் பக்கத்தில் ‘வாசகர் சேவை’ என்று ஒரு பத்தி வரும். சந்தாதாரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, துட்டி, காணாமல்போன மாடு, எல்லாவற்றையும் அதில் இலவசமாகப் போடுவார்கள். அதை எழுதியனுப்புவதில் காசிராஜனுக்கு அலாதிப் பெருமை. கருப்பணனோ வற்றல் விலை பார்ப்பதற்காகவே சந்தா கட்டியவர். ஒச்சப்பன் அழுதுகொண்டே சொன்னதை வாங்கி எழுதி, புறப்பட நின்ற விருதுநகர் பஸ் கண்டக்டரிடம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டார் காசிராஜன்.

தங்கச்சி வீட்டு வாசலில் தங்கச்சியே செம்போடு நிற்பதைப் பார்த்த ஒச்சப்பன் அழுதார், சிரித்தார், மச்சினனைத் திட்டினார். பத்திரிகைக்குச் சொன்னது அந்தக் கலவரத்தில் அவருக்குச் சுத்தமாக மறந்தேபோயிற்று.

மறுநாள் காலையில் கருப்பணன் வற்றல் விலையைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினார். கம்மங்கஞ்சி கரைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி காலமாகிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது.

“ஏ புள்ள, ஒன்னயச் செத்துப்போனேன்னு போட்டுட்டாங்கெ பேப்பர்ல!”

வெள்ளைத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கணம் ஒன்று தோன்றியது பாருங்கள். என் மகள் படித்தவளாயிற்றே, இதைப் பார்ப்பாளே, பார்த்தால் வருவாளே!

அவர்களுக்கு ஒரே மகள், முத்துப்பேச்சி. எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். அவர்கள் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழுத வீட்டுப் பையன் சங்கிலிமுத்து, சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். போனவன் ஒரு நாள் முத்துப்பேச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கருப்பணன் கிணற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு ஈரவேட்டியோடு வந்து நின்றார். “அவ செத்துட்டா. நீ அவ மூஞ்சியில முழிச்சேன்னு தெரிஞ்சா, நான் இந்த விட்டத்துல தொங்கிருவேன்” என்றார். சொன்னால் செய்கிற ஆள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகள் பெயர் எடுபடவில்லை. அவள் உண்டானது, பிள்ளை பெற்றது எல்லாம் வற்றல் யாவாரிகள் வாய்வழியாகக் காற்றுவாக்கில் வந்து சேர்ந்தன. பெற்றவள் அடுப்படிப் புகைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு அழுவாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று யாரும் கேட்க முடியாதே!

ஆனால் துட்டி என்று ஒன்று இருக்கிறது. எத்தனை தலைமுறைப் பகையானாலும் சாவு கேட்டுத் துட்டிக்கு வந்தவர்களை வாசலில் மறிக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. வெட்டுக்குத்து நடந்த வீட்டுக்காரன்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். இது வெள்ளைத்தாய்க்குத் தெரியும். அவள் புருஷனுக்கும் தெரியும்.

கருப்பணன் கஞ்சி குடிக்கவில்லை. ஆள் விட்டுக் காசிராஜனை இழுத்து வரச் செய்தார். பாவம், அந்த மனுசன் வியர்த்து விறுவிறுத்து வந்தார். வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற வெள்ளைத்தாயைப் பார்த்ததும் கும்பிட்டே விட்டார்.

“மதினி, என்னய மன்னிச்சிருங்க. ஒச்சப்பண்ணாச்சி சொன்னாகளேன்னுதான்...”

“அதெல்லாம் கெடக்கட்டும்” என்றார் கருப்பணன். “நாளைக்கே மாத்திப் போடணும். ஒரு நாள் தாண்டக்கூடாது.”

“போட்டுரலாம் அண்ணாச்சி. ஆனா ஆபீசுல ஒரு கண்டிசன். செத்ததாப் போட்ட ஆளே ‘நான் உசுரோட இருக்கேன்’னு கைநாட்டு வெச்சுக் குடுக்கணும். இன்னொண்ணு, சேதி தப்புன்னு போன்ல சொன்னதுக்கு வஞ்சாங்க. இனிமே துட்டிச் சேதின்னா வீட்டுத் தலைவர் கையெழுத்து இல்லாம நான் வாங்கவே கூடாதாம்.”

காசிராஜன் எழுதினார், படித்துக் காட்டினார், மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். வெள்ளைத்தாய் கையை நீட்டவில்லை. முந்தானையில் துடைத்தாள், திரும்பத் துடைத்தாள்.

“கையெல்லாம் மாவா இருக்கு. கழுவிட்டு வாரேன்.”

கழுவப் போனவள் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றாள். தானே தன் கட்டைவிரலால் மகள் வருகிற வழியை அடைக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் மகள் இல்லை. மகள் வேண்டுமானால் செத்தவளாக இருக்கவேண்டும். இதென்னடா சோதனை, காக்கை இன்னும் பலமாக அடித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

“எம்புட்டு நேரம் கழுவுவ?” என்று குரல் வந்தது.

வந்து உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா என்னவாம்? பாக்குறவுக பாத்துட்டுப் போகட்டுமே.”

“எவ பாக்கணும்?” என்றார் கருப்பணன். சத்தம் போடவில்லை. விட்டத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

வெள்ளைத்தாய் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். காசிராஜனுக்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். மைப்பெட்டியை மூடிக்கொண்டு, மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே ‘திருத்தம்’ வந்துவிட்டது. அன்றும் அடுத்த வாரம் முழுக்கவும், தெருவில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரும் வரவில்லை. மகள் முதல் நாள் தாளைப் பார்த்திருப்பாள், மறுநாள் திருத்தத்தையும் பார்த்திருப்பாள், ஆத்தா பிழைத்துக் கிடக்கிறாள் என்று இருந்திருப்பாள். இல்லை, பார்த்தும் வர மனசில்லையோ? இந்த இரண்டாவது நினைப்பு வந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

சித்திரை போய், வைகாசி போய், ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், கருப்பணன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு பெண் குரல் ஒப்பாரி வைத்தது.

“என்னப் பெத்த ஆத்தா, பாதியில போனியே! பாவி மக வர்றதுக்குள்ள பாடையில போனியே!”

வெள்ளைத்தாய்க்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. தன் சாவுக்குத் தன் மகள் அழுகிற அழுகையைக் கேட்கிற கொடுப்பினை எந்தத் தாய்க்கு வாய்க்கும்? முத்துப்பேச்சி தலைவிரி கோலமாக வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. நெஞ்சில் அடித்துக்கொண்ட கை, பட்டாசு மருந்துத்தூள் ஒட்டி வெள்ளியாக மினுங்கியது. தெருவே கதவைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

கருப்பணன் ஈரக்கையோடு வாசல்நிலையை மறித்து நின்றார். “யாருக்கு யாரு துட்டி? இங்க எவளும் சாகல. போயிரு!”

முத்துப்பேச்சி அழுகை அறுந்து நின்றாள். அப்பன் தோளுக்குப் பின்னால் ஆத்தா முகம் தெரிந்ததும் கண் சொருகி, குழந்தையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைத்தாய்க்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ! ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்து, அவளைவிடப் பெரிய குரலில் ஒப்பாரியை எடுத்துவிட்டாள். கட்டி அழுகிறவர்களைப் பிரிக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த வழக்கத்தைக் கருப்பணனும் மீற முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர், என்ன ஏது என்று கேட்காமல், வந்து சுற்றி உட்கார்ந்து சேர்ந்து அழுதார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு நடந்த அந்தத் துட்டியில் யாருமே பொய்யாக அழவில்லை.

ராகத்துக்குள்ளேயே கேள்வி போயிற்று. “என்னப் பெத்த மகளே, எத்தன நாள் பட்டினியோ? கட்டுனவன் கண்கலங்க வெக்காம இருக்கானா?”

ராகத்துக்குள்ளேயே பதில் வந்தது. “கண்ணுக்குள்ள வெச்சிருக்கான், கவலயில்ல என் ஆத்தா! வெடி சுத்த வந்த கட்டுல, பழைய பேப்பர் தாளுல, பெத்தவ பேரப் பாத்தேனே, பித்துப் பிடிச்சு வந்தேனே!”

அப்போதுதான் வெள்ளைத்தாய்க்கு விளங்கியது. சிவகாசிக்குப் பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக லோடு வரும். வெடிக்குழாய் சுற்ற அதைத்தான் கிழிப்பார்கள். மாசக்கணக்காக எங்கெங்கோ கிடந்த அந்த ஒரு நாள் பத்திரிகை மகள் கைக்கு வந்திருக்கிறது. திருத்தம் போட்ட மறுநாள் தாள் வரவில்லை. மகள் பார்த்தும் வராமல் இருந்தவள் இல்லை! அந்த ஒன்று தெரிந்ததும் அவள் அழுகை இன்னும் கூடியது. அது சந்தோஷத்தில் வந்த அழுகை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பேத்தியை மடியில் வாங்கி, உச்சி முகர்ந்து, காது ஓட்டைவரை தடவிப் பார்த்துவிட்டாள். எவ்வளவு நேரம்தான் அழ முடியும்? தொண்டை கட்டிப்போயிற்று. அழுகை நின்றால் மகள் எழுந்துவிடுவாள் என்பதால் குரல் வராமலே வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“அழுது முடிஞ்சாச்சுல்ல?” என்றார் கருப்பணன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அதற்காக மனசு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். “துட்டிக்கு வந்தவுக சொல்லிக்கிட்டுப் போகக்கூடாது. கெளம்பச் சொல்லு.”

முத்துப்பேச்சி எழுந்தாள். துட்டி வீட்டில் ‘போய்ட்டு வாரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஆத்தா முகத்தையே பார்த்தாள், வாய் திறந்தாள், அப்பனைப் பார்த்து மூடிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

சந்தை நாள் வந்தது. கோழிமுட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெள்ளைத்தாய் மல்லாங்கிணறுக்குப் போனாள். நேராகச் சைக்கிள் கடை. காசிராஜன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும்.”

“சொல்லுங்க மதினி.”

“நான் செத்துப்போனேன்னு இன்னொருக்காப் போடுங்க.”

காசிராஜன் கையிலிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டார். “என்ன பேச்சுப் பேசுதீக! ரெண்டாந்தடவ போட்டா ஊரு நம்புமா?”

“ஊரு நம்ப வேணாம். எம்மகளுக்கு வெவரம் புரியும். பாத்தா வந்து அழுவா. நானும் கட்டி அழுதுக்கிருவேன். அவுக தடுக்க முடியாது. வருசத்துக்கு ஒருக்காப் போட்டாக்கூடப் போதும் தம்பி.”

சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த மைப்பெட்டியைத் தானே திறந்து கட்டைவிரலை அழுத்திவிட்டாள். எந்தத் தாளில் வைக்கட்டும் என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

காசிராஜன் மைப்பெட்டியை மூடினார். “மதினி, உசுரோட இருக்கேன்னு சொல்லத்தான் ஒங்க கைநாட்டு செல்லும். துட்டிச் சேதிக்கு அண்ணாச்சி கையெழுத்து வேணும். அன்னைக்கே சொன்னேனே.”

“சாகுறதுக்குமா அவுக கையெழுத்து வேணும்?”

அவர் குனிந்து கீழே கிடந்த டியூபை எடுத்தார். வெள்ளைத்தாய் விரலை மடக்கிக்கொண்டாள். திரும்புகிற வழியில் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று அந்த மையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.