கயிற்றோடு போன பசு

அப்பா பிறந்தது மத்தூர்ப் பக்கம்; பிழைத்தது குந்தாரப்பள்ளிச் சந்தையில். மாட்டுத் தரகு. தமிழில் தொடங்கி, தெலுங்கில் கெஞ்சி, கன்னடத்தில் முடிப்பார். விலையை மட்டும் வாயால் சொல்லமாட்டார். துண்டுக்குள் கைவிட்டு எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வதுதான் சந்தை முறை.

ஐம்பதுகளில் மழையில்லாத ஒரு வருடம். அப்பா மைசூர்ச் சீமைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தார். எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. புள்ள எழுந்தால் பசு உமக்கு என்று அம்மா ஆண்டவரிடம் பொருத்தனை செய்துவிட்டார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு பசுதான். நான் எழுந்தேன்.

அப்பா திரும்பிய காலையில், அவர் காலைக் கழுவுவதற்குள் அம்மா சொல்லிவிட்டார். இஸ்ரவேலருக்கு மோசே கொடுத்த சட்டம் எங்கள் வீட்டில் எல்லாரும் அறிந்தது. மனைவியின் பொருத்தனையைக் கேட்ட அன்றே கணவன் வேண்டாமென்றால் அது செல்லாது. அவள்மேல் குற்றமும் இல்லை. அன்று முழுவதும் பேசாதிருந்தால் பொருத்தனை நின்றுவிடும்.

அப்பா பேசவில்லை. பசுவுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டதுகூடச் சைகையில்தான். அத்தை ஓடிவந்தார்.

"அண்ணா, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிடு. புள்ளைங்க பாலுக்கு எங்க போவும்? ஊரான் மாட்டுக்கெல்லாம் தொண்ட கிழியப் பேசறியே."

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெரியம்மா, மைசூரில் நாக்கை விற்றுவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். எல்லாரும் கோபம் என்றே நினைத்தோம். பயம் என்று பிறகு அப்பாவே சொன்னார். வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் பேரம் வந்துவிடுமோ என்ற பயம்.

பொழுது சாய்ந்தது. விற்கிற மாட்டின் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா கயிற்றில் கைவைத்தார்.

"கயித்தோடவே போவட்டும்," என்றார் அப்பா. "இது வித்த மாடில்ல."

பசு கோயிலுக்குப் போன மறுநாள் அந்தப் பெரியம்மா ஒரு செம்பு மோரோடு வந்தார். மிஞ்சிப்போச்சு என்றார். மழை வரும்வரை அவருக்குத் தினமும் மிஞ்சியது. எங்கள் களியும் தொண்டையில் இறங்கியது. கொடுத்ததற்குக் கிடைத்த கூலி என்று நான் ஒருமுறை பெருமையாய்ச் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"நம்ம மாடு போறதுக்கு முன்னாடியே அவங்க வீட்ல மோர் இருந்துச்சுப்பா."

மோசேயின் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நேர்ந்துகொண்டால் செலுத்து என்கிறது. நேராவிட்டாலும் பாவமில்லை என்கிறது. விலை வாங்கிக்கொண்டு நோய் தீர்ப்பவர் அப்படிச் சொல்வாரா?

அப்பாவின் கடைசி வாரத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. "ஏங்க, உங்களுக்காக ஒண்ணு நேந்துக்கட்டுமா?" என்று அம்மா குனிந்து கேட்டார்.  அப்பா அசைகிற கையால் துண்டை இழுத்து அம்மாவின் கைமேல் போட்டார். உள்ளே நடந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

"என் விரல் எல்லாத்தையும் மடக்கிட்டாருடா, வெல ஒண்ணுமில்லன்னு," என்றார் அம்மா. அதன்பிறகு அவர் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. அந்தத் துண்டு அப்பாவோடு பெட்டியில் போனது.

மருத்துவமனையில் எங்களோடு கண்விழித்தவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தவர்கள் பெரியம்மாவின் மக்கள். நன்றி சொல்லப் போனேன். மிஞ்சியதுதான் என்கிறார்கள்.