விரத நாள் மீன்

பாரிஸின் லா சப்பலில் புடவைக்கடை வைத்திருந்த அண்ணை, நெற்றியில் திருநீறும் தொடைவரை றப்பர் சப்பாத்துமாக மார்ச் மாதக் குளிராற்றில் இறங்கி, இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி ட்றவுட் மீன் பிடிப்பார். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்.

"விரத நாளிலையோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"இந்த ஆத்திலை பிடிக்கிற மீனைத் திருப்பி விடவேணுமெண்டு சட்டம். மற்ற நாளெண்டால் விட மனம் வராது."

மீன் மாட்டியது. தூண்டிலை என் பக்கம் நீட்டினார்.

"நீர் கழட்டிவிடும், தம்பி. நான் இண்டைக்கு மச்சம் தொடமாட்டன்."

விரல்கள் விறைக்க விறைக்க முள்ளைக் கழற்றி மீனை விட்டேன். நான் கை கழுவிய பிறகுதான் காரில் ஏற்றினார்.

மறுநாள் கடையில், ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையை வந்தவர்களுக்கெல்லாம் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையில் நானும் இல்லை, தூண்டிலும் இல்லை.