ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக்கூடாத மிஷின்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து வீட்டின் முன்னறையில் பின்பால் என்கிற விளையாட்டு மிஷின் இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களே அதை மேசை என்றுதான் நினைத்தார்கள். அதன் மேல் நெல் மூட்டை, மடிக்காத துணி, கல்யாணப் பத்திரிகைகள் என்று எதெதுவோ கிடக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கினால்தான் அடியில் கண்ணாடி தெரியும். கண்ணாடிக்குக் கீழே ஒரு சாய்வான பலகை. அதில் இரும்புக் குண்டு உருண்டு வரும். இடதும் வலதுமாக இரண்டு பட்டன்; எதை அழுத்தினாலும் அந்தப் பக்கத்தில் துடுப்பு மாதிரி ஒரு கை எழுந்து குண்டை மேலே திருப்பி அடிக்கும். விளக்கு எரியும், மணி அடிக்கும்.

என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டித் தருவார். உத்திரமேரூர் பஜாரில் கடை. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டை மூடுகிறார்கள் என்று பம்புகளைக் கழற்றப் போனவர், வரும்போது இந்த மிஷினையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். திருவிழாவில் வைத்தால் ஜனம் அலைமோதும் என்று கணக்கு. ஒரு ஆடி மாதம் வைத்தோம். ஜனம் வந்தது. ஆனால் துடுப்பு நாளுக்கு நாள் சோம்பேறியாகி, கடைசியில் குண்டைத் தடவிக்கொடுக்கத்தான் செய்தது. ஜனம் ராட்டினத்துக்குப் போய்விட்டது. மிஷின் மேசையாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து அவர் காலை உடைத்துக்கொண்டார். பிளேட் வைத்தார்கள். எலும்பும் கூடிவிட்டது, நடக்கலாம், வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்தான் போகவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தார். மோட்டார் ஓடவில்லை என்று விவசாயிகள் போன் செய்தால், வீட்டில் இல்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். காலில் இருந்த பயம் கைக்கும் ஏறிவிட்டது. நான் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். நாளைக்குப் போறேன் என்பார். அந்த நாளை வரவே இல்லை. இந்த மனிதர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று பயந்தேன்.

ஒருநாள் ஆத்திரத்தில் மிஷினைப் போட்டோ பிடித்து, பழைய சாமான் விற்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விளையாட்டுக்கூடம் நடத்துகிற ஒருவர் போன் செய்தார். மிஷின் ஓடுகிறதா என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது சார் என்று கூசாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "இன்னாடி இப்டி புளுகி வெச்சிக்கீற? அது செத்து எவ்ளோ காலம் ஆச்சி!"

"அப்போ உசுரு குடுங்க. மெக்கானிக் நீங்களா, நானா?"

"பேஜாருடி உன்னோட" என்றார். ஆனால் எழுந்து வந்தார். இடம் அடைக்கிறது, அதனால் விற்கிறேன் என்றுதான் அவரிடம் சொன்னேன். இடமாவது ஒன்றாவது. அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே நெல் உமி, எலிப் புழுக்கை, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடை அடையாக. துடைத்துத் துடைத்து என் கை சிவந்துவிட்டது. எலி கடித்த ஒயர்களை அவர் ஒட்டுப் போட்டார். குண்டு துருப்பிடித்திருந்தது. அதே அளவில் ஒரு பழைய பேரிங்கை உடைத்துக் குண்டு எடுத்தார். கெட்டியாகிப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதில் பம்பு செட்டில் போடுகிற ரப்பர் வளையங்களை மாட்டினார். எல்லாம் ஆகியும் துடுப்பு மட்டும் எழவில்லை.

"காயிலு நல்லாத்தான் கீது" என்று தலையைச் சொறிந்தார். காயிலுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் இரும்புத் தண்டு வெடுக்கென்று போய் வந்தால்தான் துடுப்பு அடிக்கும். இரண்டு பக்கத்துக் குழாயையும் தண்டையும் கழற்றி, துடைத்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார். கருப்பாக, பசை மாதிரி ஒட்டியது. இதை யார் துடைப்பது? கிணற்றடிக்குக் கொண்டுபோய், பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன்.

இடது பக்கத்தை மாட்டிவிட்டு, "எண்ணெ கேன எடு" என்றார். அவருக்கு அசைகிற பொருள் எதுவானாலும் எண்ணெய் விட்டாக வேண்டும். ஆயுத பூஜை தவறாமல் மோட்டார், சைக்கிள், தையல் மிஷின், கதவுக் கீல் எல்லாவற்றோடும் இதற்கும் விட்டிருக்கிறார்; திருவிழாவில் வைத்தபோது தினமும் விட்டார். கேனை எடுத்து வந்தவள் சும்மா இருக்காமல் பட்டனை அழுத்தினேன்.

படார்! துடுப்பு எழுந்து அடித்த வேகத்தில் இரண்டு பேரும் பின்னால் நகர்ந்துவிட்டோம்.

அவர் அழுத்திப் பார்த்தார். படார். மறுபடியும் படார். அப்போதும் மனிதர் நம்பவில்லை. வலது பக்கத்தை மாட்டி, அதற்கு மட்டும் எண்ணெய் விட்டார். கொஞ்ச நேரம் துள்ளியது, அப்புறம் தூங்கி வழிந்தது. இடதும் வலதுமாக மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"எண்ணெயில தூசி சேந்து பசையா பூட்டுக்கீது. நான் இன்னான்னா அதுமேலயே இன்னும் ஊத்திக்கினு இருந்துக்கீறேன். ஊத்தி ஊத்தி நானே சாவடிச்சிக்கீறேன்டி!"

சிரித்துக்கொண்டே வலது பக்கத்தைக் கழற்றி, மறுபடியும் கழுவித் தரச் சொல்லி நீட்டினார். அவர் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த கால் மடங்கியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நீட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே விளையாட்டுக்கூடத்துக்காரர் வந்துவிட்டார். சும்மா பார்க்கிறேன் என்று பட்டனில் கை வைத்தவர் அப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை. வீடு முழுக்க மணிச் சத்தம். விளையாடிக்கொண்டே, "இதுக்கு என்ன ஆயில் போடறீங்க?" என்று கேட்டார்.

"ஆயிலா?" என்று என் வீட்டுக்காரர் பதறினார். "ஒரு சொட்டு வுடக்கூடாது சார். வுட்டா மிஷினே பூடும்!" பிறந்ததிலிருந்து அதைத்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

நான் தோசை வார்க்கிற நேரத்தில் மிஷினின் கால்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அங்கே போய் யார் மாட்டுவார்கள் என்று பேச்சு வந்திருக்கிறது. தட்டோடு வாசலுக்கு வந்தால், இவர் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"ரசமட்டம் வெச்சி சமமா நிக்க வெக்கணும். அவங்களுக்குத் தெரியாது. நானே போயி வெச்சிட்டு வரேன்" என்றார்.

"நாஷ்டா துண்ட்டு போங்க!"

வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெறும் வயிற்றோடு இப்படியா ஒரு மனிதர் போவார்! முன்னறையைக் கூட்டிப் பெருக்கியும் கோபம் அடங்கவில்லை. மதியம் போன் செய்தேன். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம், மணிச் சத்தம்.

"சாப்டீங்களா?" என்றேன்.

"ஏய், வேலையா கீறேன்டி. இங்க இன்னும் ரெண்டு மிஷினு ஓடாம கெடக்குது. அப்பால பேசறேன், வெய்யி" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

கட்டிலில் கிடந்த அத்தனை மாதமும் நான் என்ன திட்டினாலும் முழுதாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த மனிதர் அவர். இப்போது என்னிடம் இரண்டு வார்த்தை பேச நேரமில்லை. காலியான முன்னறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. அவருக்கு வார்த்த தோசைகளை நானே தின்றேன்.