மரிக்கொழுந்து சொருகிய பூச்செண்டு

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் எண்ணூரில் ஐஸ்கட்டி உடைக்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன்பு மணலியில் டேங்கர் லாரி கழுவினேன். மூலக்கொத்தளத்தில் இடுகாட்டு வாசலில் பிணத்துக்குப் பூ கட்டினேன். விசாகப்பட்டினத்தில் விசைப்படகில் போனேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஓரிடத்தில் நிற்கக் கால் வராது.

அம்மா இறந்தபோது நான் கடலில் இருந்தேன். ராயபுரம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து நாலு நாளாகிவிட்டது. கல்லறைக்குப் போகாமலே மறுபடி ரயிலேறிவிட்டேன். தங்கை அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

கல்யாணத்துக்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

"அம்மா கைல கீற மாரியே எனக்கு பொக்கே வோணும்ணா. அம்மா கூட நிக்கிற மாரி இருக்கும். நீதான் கட்டணும்."

அவள் நீட்டியது அம்மாவின் கல்யாணப் படம். நிறம் மங்கி ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. அம்மா வெள்ளைப் புடவையில், தலையில் நெட் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை தொங்கும் பூச்செண்டைப் பிடித்திருந்தாள். வெள்ளை வெள்ளையாக ஏதோ பூ. இடையிடையே பச்சையாக ஏதோ. பூ கட்டிப் பிழைத்தவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

படத்தோடு ஒரு அலங்காரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் போனில் வகைவகையாகக் காட்டினார். பந்து போல உருண்டை, அருவி போலச் சரிவது, பூவுக்கு ஒரு அர்த்தம் வைத்துக் கட்டும் பழைய சீமை ராணி காலத்து மோஸ்தர். கடைசியில் பூவே இல்லாத வெறும் இலைக்கட்டு.

"இது எல்லாத்துக்கும் முந்தினது. அந்தக் காலத்து வெள்ளக்காரப் பொண்ணுங்க வாசன எலையத்தான் புடிச்சிக்குவாங்களாம். கெட்டது அண்டாது, ஊர் நாத்தமும் தெரியாது."

"மணலி கம்பெனி காத்து இந்தப் பக்கம் அடிச்சா நமக்கும் இதான் கரெக்டு," என்றாள் தங்கை.

சிரித்துவிட்டு மறுபடி படத்தையே நீட்டினாள். அவர் லில்லியாக இருக்கலாம் என்றார், ரோஜாவாகவும் இருக்கலாம் என்றார். "உங்கம்மாவையே கேட்டுடேம்மா" என்றார். தங்கை படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

படத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் தோழியாக நிற்பவள் எங்கள் பெரியம்மா. காசிமேட்டில் மீன் விற்கிறாள். கையில் செதிலோடு படத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பூவா? துணிடி அது. கோயில்ல ஒரு பொட்டில இருந்துச்சி. எந்தப் பொண்ணுக்குக் கண்ணாலம்னாலும் அதத்தான் குடுப்பாங்க. எனக்கும் அதான், உங்கம்மாக்கும் அதான். மறுநா காலைல திருப்பிக் குடுத்துடணும்."

தங்கை படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அது அம்மாது இல்லியா பெரிம்மா?"

"பச்ச தெரிதே, அது உங்கம்மாது. பொட்டியத் தொறந்தா ஒரே பாச்சா உருண்ட நாத்தம். ஃபாதர் முன்னால தும்மிடுவேன்னு சொல்லிக்கினே, தலைக்கு வாங்குன மரிக்கொழுந்த எட்த்து சந்து சந்தா சொருவிக்கினா. சொன்னாக் கேக்கற ஜென்மமா அது?"

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது தங்கை முடிவு செய்துவிட்டாள். "துணியும் வோணாம், லில்லியும் வோணாம். மரிக்கொழுந்தே கட்டு."

"வெறும் எலையா? மாப்ள வூட்ல கீரக்கட்டும்பாங்க."

"சீம ராணிக்கும் முந்தின ஸ்டைலுனு சொல்லு."

கல்யாணத்தன்று காலை மரிக்கொழுந்தும் கொஞ்சம் சம்பங்கியும் வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து கட்டினேன். மரிக்கொழுந்துத் தண்டு மெலிசு, தானாக நிற்காது. அதனால் மூங்கில் சிம்பு ஒன்றை நடுவில் வைத்துக் கொத்துக் கொத்தாக நார் சுற்றினேன். படத்தில் இருப்பது போலவே தொங்க விட்டேன். நன்றாக வந்திருந்தது. பெரியம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணிவெச்சிக்கிற? குழி மேல சொருவறதுக்கா கட்டுன?"

அப்போதுதான் பார்த்தேன். பிடிக்குக் கீழே சிம்பை ஒரு சாண் நீளம் விட்டு, முனையைக் கூராகச் சீவியிருந்தேன். மூலக்கொத்தளத்தில் கட்டிய செண்டெல்லாம் அப்படித்தான். மண்ணில் இறங்க வேண்டுமே. மூன்று வருஷம் செய்த வேலையைக் கை என்னைக் கேட்காமலே செய்துவிட்டது. கல்யாணப் பெண் கையில் கொடுக்கும் பொருளா இது. அவசரமாகக் கத்தியைத் தேடினேன்.

உள்ளேயிருந்து தங்கை வந்தாள். பாதி உடுத்திய வெள்ளைப் புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் செண்டை வாங்கி முகர்ந்தாள்.

"வெட்டாதண்ணா. பூச முடிஞ்சி நேரா அம்மாகிட்டதான் எட்த்துனு போறேன். அங்க சொருவத்தானே வோணும்? நீயும் வர்ற."

முனையில் ரிப்பன் சுற்றிக் கொடுத்தேன். கோயிலில் யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அத்தை மட்டும் இது என்ன கீரை என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அங்கே வரை மரிக்கொழுந்து வாசனை வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எனக்கு வழி தெரியாததால் தங்கைக்குப் பின்னால் நடந்தேன். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அவள் ரிப்பனைப் பிரித்துச் செண்டை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வையி."

குந்தி உட்கார்ந்து அழுத்தினேன். மணலாக இருந்ததால் ஒரே அழுத்தில் இறங்கிவிட்டது.