பதினொரு நாள், மூன்று நாடு

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். தி.நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். இரும்புப் படிக்கட்டு. கீழே யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு சண்டை படியேறி வரும். "ரோம் வேணும்னு நீதானே சொன்னே?" "நான் எப்போ சொன்னேன்? உங்கம்மா சொன்னாங்க." சண்டை மேலே வந்து சேர்ந்த பிறகுதான் அதன் சொந்தக்காரர்கள் கண்ணில் படுவார்கள். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும், மிஞ்சினால் ஒரு வருஷம்.

நான் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்காருகிறவன். நம்ம ஜனங்கள் ஐரோப்பாவில் ரயிலைத் தவறவிட்டு அலறும் நேரம் நமக்கு ராத்திரி என்பதால் அந்த நாற்காலி இருபத்து மூன்று வருஷமாக எனக்கு. படிப்பு பிளஸ் டூ, அதுவும் முழுசாக இல்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவன். ரயில் அட்டவணைகளையும் வரைபடங்களையும் முறைத்துப் பார்த்தே ஊர்களைக் கற்றுக்கொண்டேன். ஜூரிக் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வெளியே வந்தால் டிராம் கிடைக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஊருக்கெல்லாம் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தனக்கு மோர்சாதத்தோடு முடித்துக்கொள்கிற வேலை பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு இது புரியும்.

சும்மா உட்கார்கிற நாடு

நவீனும் அபர்ணாவும் அப்படித்தான் ஏறி வந்தார்கள். அவன் மயிலாப்பூர், அவள் அடையாறு, இரண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனி. உட்காருவதற்குள் நவீன் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கலர் கட்டம். பெல்ஜியத்துக்குப் பச்சையில் ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தான்.

"ரெண்டு மணி நேரத்துல என்ன தம்பி பார்ப்பீங்க?"

"இறங்கறோம், ஒரு போட்டோ, அடுத்த ட்ரெய்ன் ஏறிடறோம் சார்."

"தூங்கறது?"

"ட்ரெய்ன்லதான்."

ஏழு நாட்டை நான்காகக் குறைக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, கடைசியில் லண்டன். அங்கே அபர்ணாவின் சிநேகிதி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டுத் திரும்புவது. அதுவரை செல்போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்த அபர்ணா அப்போதுதான் வாய் திறந்தாள்: "அண்ணே, ஒரு நாள் சும்மா உட்கார்ற மாதிரி எதாவது நாடு இருந்தா அதையும் போடுங்க."

நீலக் கோப்பு

"நீங்க இங்கெல்லாம் போயிருக்கீங்களாண்ணே?" என்று போகிறபோது கேட்டாள். எல்லாரும் கேட்பதுதான். நானும் எப்போதும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன்: "அந்த ஊரெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்மா." அது பொய் இல்லை. உண்மையும் இல்லை என்பது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் போன ஊரின் காந்தப் பொம்மைகளைக் கொண்டுவந்து தருவார்கள். அதில் ஈஃபில் கோபுரம் மட்டும் நான்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி மெர்சியிடம், "அடேங்கப்பா, இத்தனை ஊரா?" என்பார்கள். அவள் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள்.

எனக்கும் மெர்சிக்கும் ஒரு பயணம் இருந்தது. கல்யாணமான புதுசில், ராயப்பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது போட்டது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பதினொரு நாள். எங்கள் மாதாகோயில் பங்கின் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். நிறைய நடக்கணும் என்று நான் சொன்னதைக் கேட்டு வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிவைத்தாள். நான் திட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். செப்டம்பரில் பினாங்கில் மழை. மார்ச்சில் நல்ல வெயில், ஆனால் அவளுக்குப் பரீட்சைப் பேப்பர். மே மாதம் போகலாம் என்றால் பாங்காக் கொதிக்கும். அப்புறம் மகள் பிறந்தாள், அப்பா படுத்தார், மகள் ஹாஸ்டலுக்குப் போனாள். திட்டம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே வந்தது. நீலக் கோப்பில் முப்பத்தொரு பிரதி இருக்கிறது. கான்வாஸ் ஷூ பள்ளி விளையாட்டு தினங்களில் தேய்ந்தே போய்விட்டது.

வேலைக்குக் கிளம்பும் முன் புதுப் பிரதியை அவளிடம் காட்டுவது என் வழக்கம். ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்ப்பாள். பிறகு நின்றுகொண்டு பார்த்தாள். சில வருஷமாக வாளியைத் தூக்கிக்கொண்டே பதில் சொல்கிறாள்: "நீங்க பிளான் போடுங்க. நான் துணி ஊற வைக்கிறேன்."

பஞ்சாங்கம்

விசாவுக்கு நேரில் போக நாள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் திரையைக் கொத்திக்கொண்டிருந்த பிறகு நவீன், அபர்ணா இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல ஒரு இடம் விழுந்தது. புதன்கிழமை பகல் பன்னிரண்டரை. பட்டனை அழுத்த வேண்டியதுதான். மரியாதைக்கு நவீனைக் கூப்பிட்டேன். போன் அவன் அம்மா கைக்குப் போயிற்று.

"புதன்கிழமை பன்னெண்டரையா? ராகு காலம்னா அது! கல்யாணமாகி மொத மொதல்ல ரெண்டு பேருமா போறா. நம்மாத்துல அந்த நேரத்துல வாசல் தாண்டவே மாட்டோம். செத்த முன்ன பின்ன பாருங்கோளேன்."

"மாமி, இது விட்டா மூணு வாரம் ஆகும்."

"ஆகட்டுமே. ஓடியா போயிடப்போறது?"

நான் அழுத்தியிருக்கலாம். பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் தள்ளிப்போட யாராவது ஒரு காரணம் கொடுத்தால் என் கை தானாக நின்றுவிடும்; நீலக் கோப்பில் பழகிய கை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்த இடம் மறைந்துபோனது. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை கிடைத்தது, எந்தத் தோஷமும் இல்லாத நேரம். சொல்வதற்குக் கூப்பிட்டபோது மாமிக்கு என்னவோ அந்த விசா ஆபீஸ் மேல்தான் கோபம்: "அத்தனை பெரிய ஆபீஸ்ல பஞ்சாங்கம் பாக்கத் தெரிஞ்சவா ஒருத்தர்கூடவா கெடையாது?"

வாசப்படி

மூன்று வாரம் தள்ளிப்போனதில் பயணமும் தள்ளிப்போயிற்று. விசா கையில் வந்த பிறகு அபர்ணா கூப்பிட்டாள்: பயணத்தின் கடைசி வாரத்தில் லண்டன் சிநேகிதி ஊரில் இருக்கமாட்டாளாம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாற்றி அடுக்குவதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வித்தை. லண்டனைக் கடைசியிலிருந்து தூக்கி பாரிஸுக்கு அடுத்து வைத்தேன். அங்கிருந்து ஜூரிக், பிறகு ரோம், ரோமிலிருந்து வீடு. ஒரு நாள் மிச்சமானது. அந்த நாளை அபர்ணா சும்மா உட்காரட்டும் என்று ஒரு ஏரிக்கரையில் வைத்தேன். அவர்களுக்குப் போட்டதில் பதினாலாவது திட்டம், அதைப்போல அழகாக நான் எதையும் போட்டதில்லை.

அவர்கள் ஐரோப்பிய விசாவில் 'ஒரு முறை நுழைய' என்று இருந்தது. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் அந்த விசாவுக்கு ஒரே வீடு. லண்டன் வேறு வீடு. முதலில் போட்ட வரிசைக்கு ஒரு முறை போதும். வரிசையை மாற்றினால் போதாது. பாரிஸிலிருந்து லண்டனுக்கு வெளியே வந்தாயிற்று என்றால் அந்த ஒரு முறை தீர்ந்தது. அந்த வரியை நூறு பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். ஆனாலும் வரைபடத்தில் விரல் பாரிஸிலிருந்து லண்டனுக்கு, லண்டனிலிருந்து ஜூரிக்குக்கு வழுக்கிக்கொண்டு போனபோது எங்கேயும் தட்டவில்லை. ஒரு தடவையாவது பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவனுக்கு அது காலில் இடறியிருக்கும்.

லண்டன் விமான நிலையத்திலிருந்து நவீன் கூப்பிட்டான். "சார், எங்கள ஏத்த மாட்டேங்கறாங்க. நீங்களே பேசுங்க." கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பேசினாள், நானும் என் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். பின்னால் அபர்ணா, "கத்தாத நவீன், எல்லாரும் பாக்கறாங்க" என்று சொல்வது கேட்டது. ஜூரிக் போயிற்று, ரோம் போயிற்று, என் ஏரிக்கரையும் போயிற்று. நல்லவேளை, சிநேகிதி இன்னும் ஊரில் இருந்தாள். டிக்கெட்டை மாற்றிக் கிடைத்த நாள் வரை அவள் வீட்டிலேயே ஐந்து நாள்.

மறுநாள் முதலாளி வந்தார். ஊர் புளியந்தோப்பு, எத்தனை கோட்டு போட்டாலும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். ரொம்ப நேரம் என் மேஜை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உனுக்கு மேப்பு நல்லாத் தெரியும் நைனா. வாசப்படி தெரில."

பெஞ்சு

அவர்கள் திரும்பி வந்த வாரம் இரும்புப் படியில் ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அபர்ணா. நவீன் கீழே பைக்கை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு காந்தப் பொம்மையை எடுத்து மேஜையில் வைத்தாள். சிவப்பு நிறத்தில் ஒரு இரட்டை மாடி பஸ்.

சிநேகிதி வீட்டுக்கு எதிரே ஒரு பூங்காவாம். அங்கே ஒரு பெஞ்சாம். முதல் இரண்டு நாள் அவன் பெஞ்சின் அந்தக் கோடி, இவள் இந்தக் கோடி. மூன்றாம் நாள் மழை வந்து ஒரே குடைக்குள் வர வேண்டியதாயிற்றாம். "அதுக்கப்புறம் கொஞ்சம் பேசினாரு. இப்பவும் ஸ்விஸ் படம் டிவியில வந்தா சேனலை மாத்திடறாரு" என்றாள். சிரிக்கிறாளா என்று நான் முகத்தைப் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "நான் கேட்ட மாதிரியே போட்டுக் குடுத்துட்டீங்கண்ணே. அஞ்சு நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம்."

தேதி

அந்த ஒரு குடை என் மண்டைக்குள்ளேயே இருந்தது. விடிந்து வீட்டுக்குப் போனதும் மெர்சியிடம் சொன்னேன்: "இந்த மே மாசம் போறோம். மழையோ வெயிலோ, இருக்கிற பிளானோட போறோம்."

மெர்சி பள்ளிக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பைச் செருகிவிட்டுத்தான் பேசினாள். "மே மாசம் நான் போறேங்க. லூர்து, ஃபாத்திமா, ரோம். கோயில்ல யாத்திரை கூட்டிட்டுப் போறாங்க."

"எத்தனை நாள்?" என் வாயில் அதுதான் முதலில் வந்தது.

"பதினொரு நாள்."

மூன்று நாடு என்று நான் விரலே விடாமல் எண்ணிவிட்டேன். "எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னா ஃபாத்திமாவை முன்னாடி வெச்சு லூர்தைப் பின்னாடி வெப்பீங்க."

"நானும் வரேன்."

"அங்க சுத்திக் காட்டற பஸ் நிரம்பிடுச்சுன்னு ஃபாதர் போன ஞாயித்துக்கிழமையே பேர் வாங்கறதை நிறுத்திட்டாரு." சேலைத் தலைப்பில் பின்னைக் குத்தினாள். "இடம் இருந்தாலும் உங்க பாஸ்போர்ட் போன வருஷமே முடிஞ்சு போச்சுங்க. என்னோடதைப் புதுப்பிக்கறப்ப உங்களையும் கூப்பிட்டேன். பாக்கலாம்னீங்க."

அலமாரியில் தேடினேன். அவள் சொன்னது சரி. ஒரு முத்திரைகூட விழாத பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் தேதியைச் சரிபார்த்து நினைவூட்டுகிறவன் நான். கையில் அதை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, கிட்டே வந்தாள். கோபமில்லாத குரலில்தான் சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷத்துல எல்லா ஊரையும் சொல்லிட்டீங்க. தேதி மட்டும் சொல்லல. ஃபாதர் ஒரு தேதி சொன்னாரு, நான் சரின்னேன்."

வாளி

அவள் விசா வந்ததும் வாங்கிப் பார்த்தேன். ஒரு முறை நுழைய. பிரான்ஸ், போர்ச்சுகல், இத்தாலி, எல்லாம் ஒரே வீடு. நடுவில் யாரும் வெளியே போகவில்லை. நான்கு தடவை படித்தேன். கிளம்பிய அன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பங்கு மக்கள் நாற்பது பேரும் ஒரே நிறத் தொப்பியில் நின்றார்கள். மெர்சியின் காலில் புது வெள்ளை ஷூ. பெட்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன்; டிக்கெட் இல்லாதவர் அதற்கு மேல் போகக்கூடாது என்று காவலர் கண்ணாடிக் கதவருகே கையை நீட்டினார். வாசப்படி எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீடு வந்து கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. உள்ளேயிருந்து அவள். பின்னால் அறிவிப்புச் சத்தம், நாற்பது பேர் பேச்சு, யாரோ செபமாலை சொல்லும் குரல். குரலில் அப்படியொரு அவசரமும் சந்தோஷமும் நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. "ஏங்க, கூப்பிட்டுட்டாங்க, ஏறப் போறோம். ஒண்ணு மறந்தே போயிட்டேன். வாளியில துணி ஊற வெச்சிருக்கேன், அலசிப் போட்டுடுங்க."

நீலக் கோப்பில் பதினொரு நாளையும் மூன்று நாட்டையும் இவ்வளவு பிசகில்லாமல் போட்டவன் அதில் ஆளை இரண்டு என்று எழுதியது ஒன்றுதான் தப்பு என்று எண்ணியபடி, சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் திறந்தேன்.