குறைந்தபட்சம் பத்து ஜிபி

என் அக்காவின் வாழ்க்கையை நான் கெடுத்தது வேகத்துக்காக. சொத்துக்காகக் கெடுத்திருந்தால்கூட ஊரில் நாலு பேர் புரிந்துகொண்டிருப்பார்கள். ஒரு படத்தை எந்த மென்பொருள் சீக்கிரம் இறக்கித் தரும் என்று பார்க்கப் போய் நான் அதைச் செய்தேன்.

ரெண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. திருவொற்றியூரில் எங்கள் மளிகைக் கடைக்கு மேல்மாடியிலேயே வீடு. அப்பா தெற்கேயிருந்து வந்தவர். நாற்பது வருடம் மெட்ராஸில் இருந்தும் பேச்சில் ஒரு எழுத்தைக்கூட இந்த ஊருக்கு விட்டுக்கொடுக்காதவர். நான் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா மணலியில் ஒரு டேங்கர் லாரி கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரே அவள் சம்பளத்தில் வந்ததுதான்.

கேபிள்காரர் அப்போதுதான் டிவி ஒயரோடு இன்னொரு ஒயரையும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இழுத்து இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஒயர் வந்த நாளிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. பரீட்சைக்குக்கூட அப்படி நோட்டுப் போட்டுப் படித்ததில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, எந்த மென்பொருள் எவ்வளவு வேகம் என்று எழுதிவந்தேன். சோதனை மதியம் இரண்டு மணிக்கு. அப்பா ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். ஒரே படம், ஒவ்வொரு மென்பொருளுக்கும் அரை மணி நேரம்.

பெயர்களை நாங்கள் யாரும் சொல்வதில்லை. பச்சை, கழுதை, துண்டு, அவ்வளவுதான். பச்சையில் எதைத் தேடினாலும் உடனே கிடைக்கும். இறக்கி முடித்துத் திறந்தால் உள்ளே வேறு எதுவோ இருக்கும். கழுதை ரேஷன் கடை மாதிரி, வரிசையில் நிற்க வைக்கும். உங்களுக்கு முன்னால் இரண்டாயிரம் பேர் என்று வெட்கமில்லாமல் காட்டும். துண்டுதான் அறிவாளி. படத்தை ஆயிரம் துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டாக வாங்கி ஒட்டும். ஆனால் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் வந்து நின்றுவிடும். கடைசித் துண்டு வைத்திருப்பவன் எங்கோ மெஷினை அணைத்துவிட்டுப் போயிருப்பான். அவனை நான் திட்டாத திட்டு இல்லை.

துண்டைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். "எடுப்பவனே கொடுப்பவனும் ஆகிறான். முதலில் வைத்திருந்தவன் அழித்தாலும் கோப்பு சாவதில்லை." பெரிய ஞானம் வந்தது மாதிரி அதற்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் என் தோஸ்து ஒருத்தன், கேபிள்காரரிடம் வேலை பார்த்தவன், ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமு, அமெரிக்காக்காரன்கிட்ட இன்னாத்துக்குப் பிச்ச எடுத்துகினு கீற? நம்ம ஒயர்ல கீற வூட்டுக்குள்ளயே எடுத்துக்கலாம்டா. நா ஒரு ஹப்பு போட்டு வெச்சிகிறேன். இன்டர்நெட்டே வோணாம்."

எங்கள் ஒயரில் இணைந்த வீடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கோப்பு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தான். உள்ளே வர வேண்டுமென்றால் நம் பங்குக்குக் குறைந்தபட்சம் பத்து ஜிபி திறந்து வைக்க வேண்டும்.

"ஓசில துன்னுட்டுப் போறவனுக்கு இங்க எடமில்ல" என்றான்.

என்னிடம் படமும் பாட்டும் சேர்த்து ஏழு ஜிபிதான் இருந்தது. மீதிக்கு எங்கே போவது? டி டிரைவ் மொத்தத்துக்கும் ஒரு டிக் போட்டேன். பதினொரு ஜிபி ஆகிவிட்டது. ஹப்பின் கதவு திறந்தது. கழுதையில் நான்கு நாள் ஓடிய படம் நான்கு நிமிடத்தில் வந்து விழுந்தது. நான் கத்திய கத்தலில், வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"என்னடா, வேல கெடச்சிருச்சா?"

"வேலையா? நாலு நிமிஷம்க்கா! நாலே நிமிஷம்!"

அவளும் சிரித்தாள். அந்த டி டிரைவில்தான் அவளுடைய ஃபோல்டரும் இருந்தது. "லோடு லிஸ்ட்" என்று பெயர் வைத்திருந்தாள். நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. லாரி நம்பரில் எனக்கென்ன ஆசை?

அதில் லோடு லிஸ்ட்டும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அவர்கள் கம்பெனியில் ஆபீஸுக்கும் கேட்டுக்கும் இடையே ஒயர் கிடையாது. எந்த டேங்கர் எவ்வளவு ஏற்றுகிறது என்ற பட்டியல் ஃப்ளாப்பியில் போய் ஃப்ளாப்பியில் வரும். கேட்டில் அதை வாங்கிச் சரிபார்ப்பவர் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வருபவர். அக்கா வீட்டில் உட்கார்ந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, அவருக்குக் கடிதம் எழுதுவாள். காலையில் அது பட்டியலோடு ஃப்ளாப்பியில் ஏறிக் கேட்டுக்குப் போகும். அவர் படித்துவிட்டு அழித்துத் திருப்பிக் கொடுப்பார். அவளுடைய பிரதி மட்டும் அந்த ஃபோல்டரில் கிடக்கும். இரண்டு வருடமாக அப்படி நடந்திருக்கிறது. அத்தனை கடிதத்தையும் சேர்த்தால் ஒரு ஃப்ளாப்பிகூட நிறையாது. பத்து ஜிபிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எட்டாம் நாள் தோஸ்து போன் செய்தான். குரலில் சிரிப்பே இல்லை.

"மாமு, உன் டப்பால ஒரு லெட்டரு கீது. உங்க அக்காதுன்னு நெனிக்கிறேன். ஒடனே தூக்கு. ஏற்கெனவே பத்து பேரு எடுத்துட்டானுங்க, அவுனுங்க கிட்டருந்து மத்தவனுங்க எடுத்துகினு கீறானுங்க. என்னால இன்னாடா பண்ண முடியும்?"

டிக்கை எடுத்தேன். அதற்கு ஒரு விநாடி ஆனது. என் அடிக்கோடிட்ட ஞானம் ஒரு எழுத்துகூடப் பொய்க்கவில்லை. மறுநாள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பிரிண்ட் எடுத்து, பருப்பு வாங்க வந்த கையோடு அப்பாவிடம் நீட்டிவிட்டுப் போனான்.

அப்பா மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்தார். அன்று தூங்கவில்லை. அக்காவை அரைநாள் லீவு போடச் சொல்லி வரவழைத்திருந்தார். தாளை அவள் மடியில் போட்டார்.

"வாசிட்டி. சத்தமா வாசி. ஊரெல்லாம் வாசிச்சாச்சி, ஒங்கப்பன் மட்டுந்தான் பாக்கி."

அவள் வாசிக்கவில்லை. தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது எப்படிப்பா வெளிய வந்துச்சி?"

"எப்படி வரும்? நீ எழுதின, அவன் வாங்கினான். ரெண்டு பேருதான? நீ குடுக்கல. அப்ப எவன் குடுத்தான்? போர்டு வீட்டுப் பய, நாலு பேருகிட்டக் காட்டிப் பெரும பேசிருக்கான். நாளையிலருந்து வேலைக்குப் போவ வேண்டாம்."

நான் கம்ப்யூட்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். அடிப்பார், கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் போடுவார், அவ்வளவுதானே. கம்ப்யூட்டர் போய்விடுமே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

அக்கா அழவில்லை. "அவரா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, "அவரா?" என்றாள். அடிபட்டிருந்தாலோ, பட்டினி போட்டிருந்தாலோ அவள் விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள். அப்பாவின் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் உண்டு. அந்த ஒரு நினைப்புதான் அவளைச் சாய்த்தது.

தாளை நான் பிறகு எடுத்துப் படித்தேன். நடுவில் என்னைப் பற்றியும் இருந்தது. "என் தம்பி எப்பப் பாரு சிஸ்டம் முன்னாடியே உக்காந்திருக்கான். பாவம், நல்ல பையன். நம்ம விஷயம் தெரிஞ்சா அவன் ஒருத்தன் நம்ம பக்கம் நிப்பான்."

அதற்கு நான்காம் நாள் அவர் வந்தார். கடைக்குள் வராமல், எதிர்ப்பக்கம் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஓரத்தில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அழுத்தி வாரிய தலை, தேய்த்த சட்டை. பெண் கேட்க வந்தவர் போலத்தான் இருந்தார்.

"தம்பி, நா யார்கிட்டயும் காட்டல. எங்கம்மா சத்தியமா. படிச்சவொடனே அழிச்சிடுவேன், ஃப்ளாப்பிய அவங்க கைல குடுத்துடுவேன். எப்டி போச்சின்னு எனக்கே தெர்ல. கண்ணாலமெல்லாம் அப்பால. நா அப்டியாப்பட்ட ஆளு இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். இத்த மட்டும் சொல்லிடு தம்பி."

"சொல்றேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்றார். என்னிடம்!

மேலே போனேன். அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். பார்த்திருக்கிறாள்.

"அவர்தான வந்தாரு? என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணுமேவா?"

"ஃப்ளாப்பி ஏதாவது பாக்கி இருக்கான்னு கேட்டாரு."

முதல் பொய் பயத்தில் வந்தது. இரண்டாவதை நானாகச் சேர்த்தேன். அந்த ஃப்ளாப்பி எங்கிருந்து வந்து என் வாயில் ஏறியது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். அவள் தலையை ஆட்டினாள். ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் அப்பாவிடம் போய், மாப்பிள்ளை பாருங்கள் என்று அவளே சொன்னாள்.

மூன்று மாதத்தில் தெற்கே சொந்தத்தில் கட்டிக் கொடுத்தோம். கெட்ட மனிதர் இல்லை. நல்லவர் என்றும் அக்கா சொல்லிக் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சோதனைகளையும் முடித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் தீர்ப்பு இருக்கிறது: முதலிடம், ஹப்.

சில வருடம் கழித்து, பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருந்தபோது, அக்கா ஒரு பென் டிரைவை என் கையில் கொடுத்தாள். பிள்ளைகளின் போட்டோ, அவளுடைய சில போட்டோ. அவள் வீட்டு மெஷின் பழுதாகிவிட்டதாம்.

"கடையில குடுத்தா காப்பி போட்டுத் தருவான். ஆனா பயமா இருக்குடா. ஒருதரம் நம்பிப் பட்டது போதும். உன்கிட்டயே இருக்கட்டும்."

"சரிக்கா" என்றேன்.

"யாரும் பாக்காம வெச்சுக்க."

வைத்திருக்கிறேன்.